புறக்கடை மீன் குளம்: சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் மாலை நேரத்தில் மட்டும் மீன்கள் இறப்பது ஏன்?

கருப்பூர்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சேலம் கருப்பூருக்கு அருகே எங்கள் வீட்டுப் புறக்கடையில் பத்தடி நீளம், எட்டடி அகலம், மூன்றரை அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் குளம் கட்டி, தை மாதத்திலிருந்து மீன் வளர்த்து வருகிறேன். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8,000 லிட்டர் பிடிக்கும். கட்டி முடித்ததும் மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு முறை வடித்துக் கழுவிய பிறகே மீன் விட்டேன். ஆகவே சிமெண்டின் காரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்காது என்று நம்புகிறேன். ரோகுவும் கட்லாவும் சேர்த்து 35, கோய் கெண்டை 20 என மொத்தம் 55 மீன்கள் விட்டேன். மிதவைத் தீவனம் காலையில் 100 கிராம், மாலையில் 100 கிராம் போடுகிறேன். காற்று மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது.

தண்ணீர் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். மீன் வாங்கிய கடையில் ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தபோது பிஎச் (தண்ணீரின் அமிலம், காரத்தைக் காட்டும் எண்; கூடினால் காரம்) 7.2 இருப்பதாகவும், மீனுக்கு ஏற்ற தண்ணீர் என்றும் சொன்னார்கள். பிறகு நானே சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பார்த்து வருகிறேன். பிஎச் 8.0, அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்), நைட்ரைட் இல்லை என்றே வாராவாரம் வருகிறது. தண்ணீர் மட்டும் பங்குனியிலிருந்து நல்ல பச்சையாகிவிட்டது.

சித்திரை பிறந்ததிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து வருகின்றன. விடியற்காலையில் காற்றுக் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும் என்று எல்லோரும் எச்சரித்திருந்ததால், நான்கு மணிக்கே எழுந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். அப்போது அவை அமைதியாக அடியில் நிற்கின்றன. மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஆபத்து வருகிறது. போன வியாழக்கிழமை ஒரு கோய் கெண்டை என் கண்ணெதிரிலேயே இறந்தது. நிதானமாக நீந்திக்கொண்டிருந்த மீன் திடீரென்று அம்புபோலப் பாய்ந்து சுவரில் மோதி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று, செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொள்ள, கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. துடுப்புகளின் அடிப்பகுதி சிவந்திருந்தது. உடலில் புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இல்லை.

கடைக்காரரிடம் சொன்னபோது, குளத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அரைக் கிலோ சுட்ட சுண்ணாம்பை வாளியில் நீற்றி, ஆறவைத்துக் குளம் முழுவதும் தெளித்தேன். தண்ணீர் பால்போல வெளுத்தது. அன்று மாலைக்குள் 11 மீன்கள் போய்விட்டன. நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் இப்படி முடிந்ததில் இன்னும் மனம் ஆறவில்லை. இப்போது 37 மீன்கள் மிச்சம். எதை, எந்த நேரத்தில், எப்படிச் சோதிக்க வேண்டும்? உறவினர் வீட்டிலிருந்து மாநகராட்சிக் குடிநீரைக் கொண்டுவந்து கலந்தால் பயன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அம்மாப்பேட்டை மீன்பிரியர் எழுதுகிறார்:

வணக்கம். நீங்கள் எழுதியதற்குள்ளேயே விடை இருக்கிறது. நீங்கள் சோதிப்பது காலை ஏழு மணிக்கு. மீன் இறப்பது மாலை நான்கு மணிக்கு. பச்சைத் தண்ணீரைப் பொறுத்தவரை இந்த இரண்டு நேரங்களிலும் குளத்தில் இருப்பது ஒரே தண்ணீர் அன்று.

பச்சை நிறத்தைத் தருவது நுண்பாசி. பொழுது விடிந்ததும் அது ஒளிச்சேர்க்கையில் இறங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் கரிவாயுவை இழுத்துக்கொள்ளத் தொடங்கும். கரிவாயு தண்ணீரில் சிறிது அமிலத்தன்மையைத் தருவது. அது குறையக் குறையப் பிஎச் மேலே ஏறும். சேலத்துக் கோடை வெயிலில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் அது உச்சத்தைத் தொடும். இரவில் பாசியும் மீனும் மூச்சுவிடுவதால் கரிவாயு மீண்டும் சேர்ந்து, விடியற்காலையில் பிஎச் அன்றைய தாழ்ந்த அளவுக்கு வந்துவிடும். உங்கள் குளம் காலையில் 8.0 காட்டினால், மாலையில் 9 வரை போவதில் வியப்பில்லை.

அந்த ஏற்றம்தான் அம்மோனியாவை விஷமாக்குகிறது. சோதனைப் பெட்டி காட்டும் 1 பிபிஎம் என்பது இரண்டு வடிவங்களின் கூட்டுத் தொகை. ஒன்று அம்மோனியம், அதனால் மீனுக்கு அவ்வளவாகத் தீங்கில்லை. மற்றொன்று கட்டற்ற அம்மோனியா, அது செவுளின் வழியே உட்புகுந்து நரம்பையே தாக்கும். நீங்கள் பார்த்த அந்தப் பாய்ச்சலும் சுழற்சியும் அதன் அடையாளம். 30 பாகை வெப்பத்தில், பிஎச் 8 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் கட்டற்றதாக இருக்கும். பிஎச் 9 ஆகும்போது அது நூற்றுக்கு 45 பங்காகிவிடும். அதாவது தண்ணீரில் ஒரு துளி அம்மோனியாகூடப் புதிதாகச் சேராமலேயே, காலையில் 0.08 பிபிஎம் ஆக இருந்த விஷம் மாலையில் 0.45 ஆகிறது. 0.05க்கு மேல் நாள்தோறும் நீடித்தாலே செவுள் பழுதாகத் தொடங்கும் என்ற நிலையில், இது எவ்வளவு பெரிய அளவு என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுண்ணாம்பு போட்டதும் மீன்கள் ஒட்டுமொத்தமாக இறந்ததற்கும் இதுவே காரணம். சுண்ணாம்பு தவறான பொருள் அன்று. அமிலத் தண்ணீருக்கு அது மருந்து. ஆனால் உங்கள் பக்கம் வெள்ளைக்கல் பூமி. வெள்ளக்கல்பட்டி என்ற ஊர்ப் பெயரே அதற்குச் சாட்சி. மேக்னசைட் படிந்த அந்தப் பாறைகளின் ஊடாக ஊறிவரும் ஆழ்துளைத் தண்ணீரில் மெக்னீசியமும் கரைந்த உப்புகளும் ஏற்கெனவே நிறைய உண்டு. ஏற்கெனவே காரமாக இருந்த தண்ணீரில் மேலும் காரத்தைச் சேர்த்ததால், பட்டப்பகலிலேயே பிஎச் எங்கோ போய்விட்டது.

கடையில் 7.2 என்று வந்தது பொய்யில்லை, ஆனால் அது குளத்துத் தண்ணீரின் அளவு ஆகாது. நிலத்தடியில் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீரில் கரிவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும். மூடிய பாட்டிலில் கொண்டுபோனால் அந்த வாயு வெளியேறாமல் பிஎச் தாழ்வாகவே காட்டும். அதே தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, காற்றுக்கல்லை (காற்று மோட்டாரின் குழாய் நுனியில் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். சோடா பாட்டிலைத் திறந்து வைத்தால் வாயு போவதுபோலக் கரிவாயு போய், பிஎச் 8.3, 8.4 என்று ஏறியிருக்கும். ஆழ்துளைத் தண்ணீரில் உயிர்வாயுவும் மிகக் குறைவு. ஆகவே குழாயை நேரே குளத்துக்குள் விடாமல், துளையிட்ட குழாய் வழியாக இரண்டு மூன்றடி உயரத்திலிருந்து பூவாளிபோல விழச் செய்யுங்கள்.

உடனே செய்ய வேண்டியது தீவனத்தை நிறுத்துவதுதான். 100 கிராம் தீவனத்தில் 32 விழுக்காடு புரதம் என்றால், அதில் ஏறக்குறைய 5 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. நீங்கள் நாளொன்றுக்கு 200 கிராம் போடுகிறீர்கள். அப்படியானால் 8,000 லிட்டரில் ஒவ்வொரு நாளும் 0.8 பிபிஎம் அளவுக்குப் புதிதாக இறங்குகிறது என்று கொள்ளலாம். அதைப் பாசி தின்றுகொண்டிருப்பதால்தான் அளவு 1இல் நிற்கிறது. இரண்டு மூன்று நாள் தீவனமில்லாமல் இருந்தால் இந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு, நாளுக்கு நாலில் ஒரு பங்குத் தண்ணீரை அதிகாலையில் மாற்றுங்கள். வினிகர், எலுமிச்சை, புளி என்று எதையும் ஊற்றிப் பிஎச்சை இறக்க முயல வேண்டாம். உங்கள் தண்ணீரில் உள்ள காரம் அந்த அமிலத்தை விழுங்கிவிட்டு மறுநாளே பழைய இடத்துக்கு வந்து நிற்கும், நடுவில் அலைக்கழிவது மீன்தான்.

மாநகராட்சிக் குடிநீர் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் என்பதால் உங்கள் கிணற்றுத் தண்ணீரைவிட மென்மையானது; நான் பத்தாண்டுகளாக அதில்தான் வளர்க்கிறேன். ஆனால் குளோரின் கலந்து வரும், அதை மறந்துவிடக் கூடாது. அகலமான தொட்டியில் வெயில் படும்படி ஓரிரு நாள் வைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் போய்விடும். அவசரமாக வேண்டுமென்றால், புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று அழைத்த சோடியம் தயோசல்பேட்டை ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு என்ற அளவில் கரைத்து ஊற்றலாம். 1,000 லிட்டர் தண்ணீரில் குளோரின் 0.5 பிபிஎம் இருந்தால் மூன்றரை கிராம் போதும்.

ஓய்வுபெற்ற நீர்ப்பரிசோதகர் எழுதுகிறார்:

கருப்பூர்த் தம்பிக்கு வணக்கம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில், சோதிக்கும் விதம் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நேரத்தைப் பற்றி மேலே சொன்னது முழுவதும் சரி. நான் சேர்ப்பதெல்லாம், நேரத்தைக் குறிக்காத எண்ணை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள் என்பதுதான். காலை ஆறு மணி, மாலை நாலரை மணி என்று இரண்டு நேரங்களை முடிவு செய்து, பிஎச்சோடு தண்ணீரின் வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள். வெப்பம் தெரியாமல் அம்மோனியாவின் எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

மாதிரியைக் காற்றுக்கல்லுக்குப் பக்கத்திலோ மேல் மட்டத்திலோ எடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்து மூலையில், முழங்கை அளவு ஆழத்தில், சிறு பாட்டிலைக் கவிழ்த்து இறக்கி, உள்ளே போனபின் நிமிர்த்தி நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். சோதனைக் குழாயை அதே குளத்துத் தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு படலமே எண்ணை மாற்றிவிடும். தண்ணீரைக் கோடுவரை நிரப்பும்போது குழாயைக் கண் மட்டத்தில் பிடித்து, நடுவில் பள்ளமாகத் தெரியும் அடி விளிம்பு கோட்டில் பொருந்தும்படி பார்க்க வேண்டும். சொட்டு மருந்துப் புட்டியைச் சாய்க்காமல் நேர் தலைகீழாகப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். சொன்ன நிமிடம்வரை பொறுத்திருந்து, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து நிறம் பாருங்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் அம்மோனியாவின் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலவே தெரியும். அந்த மயக்கத்தில் எத்தனையோ பேர் 0.5ஐப் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் தண்ணீரே பச்சையாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரின் நிறமும் சோதனையின் நிறமும் கலந்து கூடுதலாகக் காட்டும். நல்ல வடிதாளில் வடிகட்டிவிட்டுச் சோதியுங்கள். மருந்து சேர்க்காத வடிநீரை இன்னொரு குழாயில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. அம்மோனியாவுக்கு இரண்டு வகை மருந்துகள் விற்கின்றன. நெஸ்லர் வகை என்றால் உங்கள் ஊர்க் கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் திரிந்து கலங்கி, எண்ணையே நம்ப முடியாமல் செய்துவிடும். மேலும் அதில் பாதரசம் இருப்பதால் சோதித்த தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. சாலிசிலேட் வகை வாங்குங்கள். பட்டையாக வரும் காகிதச் சோதனை, டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே ஈரக்காற்றில் கெடத் தொடங்கும். வாங்கினால் முழுவதையும் விரைவில் தீர்த்துவிட வேண்டும். பேனா வடிவப் பிஎச் மானி வைத்திருப்பவர்கள், தெரிந்த அளவுள்ள கரைசலில் மாதம் ஒரு முறையாவது சரிபார்க்காவிட்டால் அதுவும் கண்மூடித்தனம்தான்.

நீங்கள் இதுவரை பார்க்காத, ஆனால் முதலில் பார்த்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அது காரத்தன்மை. பிஎச் வேறு, காரத்தன்மை வேறு. பிஎச் என்பது இந்த நிமிடத்தின் நிலை. காரத்தன்மை என்பது அமிலம் வந்து விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தண்ணீர் வைத்திருக்கும் கையிருப்பு. சோதிப்பது மிக எளிது. ஐந்து மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கிக்கொண்டே போனால், நீலமாக இருக்கும் நீர் ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளாக மாறும். எத்தனையாவது சொட்டில் மாறியதோ அதை 18ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைத்துவிடும். இந்த எண் கையில் இல்லாமல் சுண்ணாம்பையோ சோடாவையோ வேறெதையுமோ குளத்தில் போடும்படி யார் சொன்னாலும் போடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு போன்றவற்றைத் தெரிந்துகொள்ள, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை அது போதும். ஆனால் பிஎச், அம்மோனியா, உயிர்வாயு ஆகியவற்றைக் குளக்கரையிலேயே பார்க்க வேண்டும். பாட்டிலில் போய்ச் சேர்வதற்குள் அவை மாறிவிடும்.

ஏற்காட்டுக் காப்பித்தோட்டம் எழுதுகிறார்:

அம்மா சொன்ன காரத்தன்மைச் சோதனைக்கு என் குளம் ஓர் எடுத்துக்காட்டாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். நான் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே. காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே, ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் 5,000 லிட்டர்க் குளம். கருப்பூர் நண்பருக்குத் தண்ணீரில் உப்பு மிகுதி. எனக்கோ எதுவுமே இல்லை. சேர்வராயன் மலை உச்சியில் பாக்சைட் மண். பல்லாயிரம் ஆண்டு மழையில் கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோன மண் அது. அதில் ஊறிவரும் தண்ணீரில் காரத்தன்மை பார்த்தபோது, முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. மருந்து கெட்டுவிட்டதோ என்று மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே வந்தது.

கையிருப்பு இல்லாத தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை நான் மீன்களை இழந்துதான் கற்றேன். வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, தண்ணீரிலிருந்து ஏழு கிராம் அளவுக்குக் காரத்தன்மை செலவாகும். நான் நாளொன்றுக்கு 60 கிராம் தீவனம் போட்டதில், என் குளத்தின் மொத்தக் கையிருப்பும் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பிஎச் 5.6க்கு இறங்கியது. அந்த அமிலத்தில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிட்டன. அம்மோனியா 4 பிபிஎம் வரை ஏறியும், பிஎச் தாழ்ந்திருந்ததால் அதில் பெரும்பகுதி தீங்கில்லாத வடிவத்தில் இருந்தது. மீன்களும் சும்மா இருந்தன. அளவைப் பார்த்துப் பயந்துபோன நான், கீழிருந்து வந்த லாரித் தண்ணீரை வாங்கி ஒரே நாளில் முக்கால் பங்கை மாற்றினேன். கடினமான அந்தத் தண்ணீர் பிஎச்சை 8க்குத் தூக்கியது. மிச்சமிருந்த 1 பிபிஎம் அம்மோனியாவே, மாற்றுவதற்கு முன்பிருந்த 4 பிபிஎம்மைவிடப் பல மடங்கு விஷமாகி, இரவோடு இரவாகப் பாதி மீன்கள் போயின.

அதன் பிறகு செய்தது இது. காரத்தன்மையை 50 மில்லிகிராம் உயர்த்த 1,000 லிட்டருக்கு 84 கிராம் சமையல் சோடா வேண்டும். என் குளத்துக்கு ஏறக்குறைய 420 கிராம். அதை ஐந்து நாட்களாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். வடிகட்டிக்குள் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் ஓடுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் அமிலமாகும்போது மட்டும் அவை மெல்லக் கரைந்து ஈடு செய்கின்றன. காப்பிச் செடிகளுக்காக வாங்கும் டோலமைட் தூளிலும் கொஞ்சம் தூவுவது உண்டு. இதே வேலையைக் கருப்பூரில் செய்தால் கேடு. ஒரே மாவட்டத்தில், பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மலையில் வளர்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அதே வெப்பத்தில் கடல்மட்டத்துத் தண்ணீர் பிடிக்கும் உயிர்வாயுவில் ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் இங்கே பிடிக்கும். குளிர் அதை ஓரளவு ஈடுகட்டினாலும், மீன்களை நெருக்கி விடக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் நுண்ணுயிர்களும் சோம்பிவிடும், மீனும் குறைவாகவே தின்னும். சில்வர் ஓக் சருகுகள் குளத்தில் விழுந்து அழுகாமல் வலை கட்டுவதும் கட்டாயம்.

கருப்பூர்வாசி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி சொல்ல வார்த்தையில்லை. பன்னிரண்டு நாட்களாகச் செய்ததை எழுதுகிறேன்.

அம்மா சொன்னபடி காரத்தன்மையை எண்ணினேன். பதிமூன்று சொட்டுவரை நீலம். பதினான்காவது சொட்டில் மஞ்சள். ஏறக்குறைய 250 மில்லிகிராம். அதைக் கண்ட பிறகு, நான் ஊற்றிய அரைக் கிலோ சுண்ணாம்பை நினைத்தபோது நெஞ்சு பதைத்தது. வாளியில் காற்றுக்கல் போட்டு வைத்த கிணற்றுத் தண்ணீர், பிடித்தபோது 7.2, மறுநாள் 8.4.

முதல் நாள், விடிந்ததிலிருந்து இரவுவரை குளத்தருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அளந்தேன். காலை ஆறு மணிக்குப் பிஎச் 8.0, தண்ணீரின் வெப்பம் 27 பாகை. பத்து மணிக்கு 8.3. இரண்டு மணிக்கு 8.7. நாலரை மணிக்கு 9.0, வெப்பம் 32 பாகை. இரவு ஒன்பது மணிக்கு 8.5. மொத்த அம்மோனியா நாள் முழுவதும் ஒரே பச்சை நிறத்தில் 1 பிபிஎம் ஆகத்தான் இருந்தது. பதினைந்து வாரமாக நான் காலையில் பார்த்து நிம்மதியடைந்த அதே எண், மாலையில் மீன்களைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது.

மூன்று நாள் தீவனம் நிறுத்தினேன். அதிகாலை ஐந்தரைக்கு நாலில் ஒரு பங்குத் தண்ணீரை, துளையிட்ட பிவிசி குழாய் வழியாக விழச் செய்து மாற்றினேன். குளத்தின் மேற்குப் பாதிக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டினேன். முழுவதும் மூடிவிட நினைத்தபோது, அம்மாப்பேட்டை நண்பர் தனிமடலில் தடுத்தார். பாசி ஒரேயடியாக மடிந்தால், அது தின்றுகொண்டிருந்த அம்மோனியா முழுவதும் தண்ணீரில் தங்கிவிடும் என்பதோடு, அழுகும் பாசி உயிர்வாயுவையும் இழுத்துவிடும் என்றார். பெரிய ரோகு பன்னிரண்டை உறவினரின் பண்ணைக் குட்டைக்கு அனுப்பிவிட்டேன். இப்போது 24 மீன்கள். தீவனம் காலை எட்டு மணிக்கு ஒரே வேளை, 50 கிராம். வடிகட்டியாக இரண்டு நீல டிரம்களில் ஜல்லியை நிரப்பி, குளத்து நீர் அவற்றின் வழியே சுற்றி வரும்படி சிறிய மோட்டார் வைத்து, மேலே கல்வாழை நட்டிருக்கிறேன். மலைக்காரர் ஐயாவின் வடிகட்டியிலிருந்து ஒரு பிடி ஜல்லியை ஈரம் காயாமல் வாங்கிவந்து நுண்ணுயிர் விதையாகப் போட முடியுமா என்று கேட்க எண்ணியிருக்கிறேன்.

இந்தப் பன்னிரண்டு நாட்களில் முதல் இரண்டு நாட்களுக்குள் ஒரு மீன் இறந்தது. அதன் பிறகு இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். வடிகட்டி பழகும்வரை வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஏற்காட்டுக் காப்பித்தோட்டம் எழுதுகிறார்:

தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், ஐயா. ஆனால் என் குளத்தில் நோயில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தருவேன், அதற்கு இரண்டு வாரம் பொறுங்கள். அமிலத் தண்ணீரில் பழகிய நுண்ணுயிர்கள் உங்கள் தண்ணீரில் தழைக்கச் சில நாட்கள் ஆகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற நீர்ப்பரிசோதகர் எழுதுகிறார்:

தம்பி, இனி உங்கள் கண் நைட்ரைட்டின் மேல் இருக்கட்டும். வடிகட்டி புதிதாகப் பழகும் நான்கு முதல் ஆறு வாரங்களில் அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் முன்னே வந்துவிடும், நைட்ரைட்டை மாற்றுபவை பின்தங்கி வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். 0.5ஐத் தாண்டினால் தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மாற்றி, அயோடின் சேர்க்காத கல்லுப்பை 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுக்கும். இறந்த மீனின் செவுளைத் திறந்து பாருங்கள்; சிவப்புக்குப் பதில் பழுப்பாக இருந்தால் அது நைட்ரைட்டின் வேலை. உப்பு கல்வாழையைப் பாதிக்கலாம், ஆகவே உப்பு இடும் நாட்களில் டிரம் மோட்டாரை நிறுத்தாமல், செடிகளை மட்டும் வேரோடு எடுத்து வாளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பூர்வாசி எழுதுகிறார்:

அப்படியே செய்கிறேன், அம்மா. நோட்டில் நைட்ரைட்டுக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டேன். இன்று மாலை நாலரை மணி: பிஎச் 8.5, வெப்பம் 30 பாகை, அம்மோனியா 0.25, நைட்ரைட் 0.25. கோய் கெண்டைகள் நிழல்வலையின் ஓரத்தில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன.